வானொலி நினைவுகளும் அவற்றின் வாய்மையும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் உரைநடையில் இளமைக்கால வானொலியையும் தொலைக்காட்சியையும் நினைவுகூரும் கட்டுரைகளுக்குத் தனியோர் இடம் உண்டு. சங்க மலர்களையும் பள்ளி இதழ்களையும் புரட்டுவோர்க்கு ஒன்றிரண்டேனும் தட்டுப்படும். தாத்தாவின் பிலிப்ஸ் பெட்டி, அதன்மேல் விரித்த பூவேலைத் துணி, கூரையினின்று மூங்கிற் கழிக்கு இழுத்துக் கட்டிய கம்பி, குமிழைத் திருகிய பின்னர் மெல்லச் சூடேறி ஒளிரும் விளக்கு, அதன்பின் ஒரு பழைய திரைப்பாடல் என அவை தொடங்கும். அந்தக் காலம் இனி வருமா என்னும் வினாவோடு முடியும். இடையில் பாடல்களின் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். படித்தவர் ஒரு பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுவர்.

இவற்றை வெறும் ஏக்கப் புலம்பல் என ஒதுக்கும் திறனாய்வாளரும் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. அச்சேறிய கதைக்கு இதழ் சான்றாக நிற்கும். மேடை நாடகத்திற்குத் துண்டறிக்கையேனும் எஞ்சும். வானொலியில் ஒலித்த சொல்லோ காற்றோடு போயிற்று. தொடக்கக் காலத்து நிகழ்ச்சிகளுட் பல நேரடியாகவே ஒலிபரப்பாயின. நாடாவிற் பதிந்தவையும் நிலைத்து நின்றன எனல் இயலாது. நாடா விலைமிக்க பொருளாதலின், ஒன்று ஒலியேறிய பின்னர் அதன்மீதே மற்றொன்றைப் பதிவது உலகின் பல நிலையங்களில் அந்நாளைய வழக்கம். ஆதலின் இந்நாட்டுத் தமிழ் வானொலியின் தொடக்கக் காலத்திற்குக் கேட்டவரின் நினைவே பெரும்பான்மையும் ஆவணமாக எஞ்சியுள்ளது. அந்நினைவு பிழைபட எழுதப்படுமாயின் திருத்துவதற்கு வேறு ஏடு கிடையாது. இக்காரணம் பற்றியே இக்கட்டுரைகளை உருக்கத்தால் அளவிடாது வாய்மையால் அளவிடல் வேண்டும்.

அவ்வாறு அளவிடுங்கால் முதற்கண் தென்படும் குறை, நினைவு இரவலாக இருப்பது. ஈப்போவிலும் சிரம்பானிலும் வளர்ந்தவர் எழுதிய கட்டுரையில் இலங்கை வானொலியின் எஸ். பி. மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும், டில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியும் இடம்பெறுவதைக் காணலாம். சிற்றலை கடல் கடக்க வல்லது; எனவே இலங்கை ஒலியை இங்குக் கேட்டவர் எவருமிலர் என்று கூறுதல் தவறாகும். ஆயினும் அக்குரல்களைப் போற்றும் கட்டுரைகளுட் சில, தமிழக இதழ்களிற் பயின்று வரும் நினைவுக் கட்டுரைகளின் சாயலை அப்படியே தாங்கியுள்ளன. வரிசைமுறையும் அதுவே, வியப்பும் அதுவே.

தமிழகத்தார் இலங்கை வானொலியைக் கொண்டாடியதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. 1952ஆம் ஆண்டு முதல் இந்தியத் தகவல், ஒலிபரப்புத் துறையின் அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் திரையிசையை அனைத்திந்திய வானொலியினின்று ஏறத்தாழ விலக்கி வைத்தார். 1957இல் விவித பாரதி தொடங்கும்வரை திரைப்பாடலை விரும்பிய செவிகள் கொழும்பை நாடின. அது தடுக்கப்பட்ட பொருளின்மீது எழுந்த வேட்கை. மலாயாவில் அத்தகைய விலக்கு இருந்ததில்லை. இங்குப் பாடலுக்குப் பஞ்சமில்லை. தமிழுக்குரிய நேரத்திற்கே பஞ்சம். இவ்விரண்டும் வேறு வேறு பசிகள். ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடும் கட்டுரை, எழுதியவரின் இளமையையே அவரிடமிருந்து பறித்துவிடுகின்றது.

நேரப் பஞ்சம் என்னும் அச்செய்தியைச் சற்று விரித்துக் காணுதல் தகும். 1946 ஏப்ரலில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரேடியோ மலாயா தொடங்கிற்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகியவை ஒலிபரப்பின் நேரத்தைப் பகிர்ந்துகொண்டன. 1959இல் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் தனித்தனி நிலையங்களாகப் பிரிந்த பின்னரும் தமிழின் பங்கு நாளில் சில மணி நேரமே. நாள் முழுதும் தமிழ் ஒலிக்கும் நிலை பின்னாளில் வந்தது. ஆகவே அந்நாளைய சிறுவன் தமிழ் தொடங்குவதற்காகக் காத்திருந்தான்; முடிந்ததும் ஏமாந்தான். காத்திருந்த வேளையில் அவன் செவி மூடிக் கிடந்ததா? இல்லை. கெரோஞ்சோங் இசை அவன் செவியில் விழுந்தது; மலாய்ச் செய்தி விழுந்தது. நகரத்தில் வாழ்ந்தவனாயின், 1949இல் தொடங்கிய ரெடிஃப்யூஷன் கம்பிவழி ஒலிபரப்பு அண்டை வீட்டுச் சுவரைக் கடந்து வந்தது. அதில் லீ டை சோர் கந்தோனியத்திற் கதை சொல்லும் வேளையில் சீனர் காப்பிக்கடையிற் குழுமியிருப்பர். பொருள் விளங்காவிடினும் அக்குரலின் ஏற்ற இறக்கம் தமிழ்ச் சிறுவனுக்கும் பழகிப்போன ஒன்றே.

இப்பன்மொழிச் செவியே இந்நாட்டுத் தமிழ் இளமையின் தனிச்சொத்து. வியப்பு யாதெனில், நினைவுக் கட்டுரைகளுட் பெரும்பாலானவை இதனை முற்றாகத் துடைத்துவிடுகின்றன. அவற்றைப் படிப்போர்க்குக் கிள்ளானும் பினாங்கும் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களோ என்று ஐயம் எழும். தமிழ்க் கட்டுரையில் தமிழ் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணம் இதற்குக் காரணமாகலாம். தேர்வுக் கட்டுரையில் மதிப்பெண் குறையும் என்னும் அச்சமும் காரணமாகலாம். நல்லெண்ணமாயினும் அச்சமாயினும் விளைவு ஒன்றே: பொய்.

தோட்டத்து வானொலி பற்றிய பகுதிகளில் வேறொரு மறைப்பு உண்டு. பெரட்டுக்குப் போய் மரம் வெட்டிப் பால் எடுத்துக் களைத்தவர்கள் மாலையில் பொதுவிடத்துப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த காட்சியை இக்கட்டுரைகள் உருக்கமாக வரைகின்றன. காட்சி மெய்யே. ஆனால் அப்பெட்டி அங்கு எவ்வாறு வந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை நிறுவியது. மக்கள் அரசின் செய்தியைக் கேட்க வேண்டும், காட்டிலிருந்தோரின் பக்கம் சாயலாகாது என்பதே நோக்கம். பாட்டும் நாடகமும் அந்நோக்கத்திற்குத் துணையாக வந்தவை. முள்வேலிக்குள், ஊரடங்கின் நிழலில் கேட்ட பாட்டு இனித்திருக்கலாம்; இனித்தது என எழுதுவதிற் பிழையில்லை. வேலியை மட்டும் விட்டுவிட்டு எழுதுவதே பிழை.

அதற்கு முற்பட்ட சப்பானியர் ஆட்சிக் காலத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். சிற்றலைப் பெட்டியில் நேசநாட்டுச் செய்தி கேட்பது அன்று கடுந்தண்டனைக்குரிய குற்றம். அதே சிங்கப்பூரிலிருந்து 1943 முதல் நேதாஜியின் ஆசாத் ஹிந்து வானொலி தமிழிலும் ஒலித்தது. கேட்டால் தண்டனை தரும் ஒலியும், கேட்டோரைப் படைக்கு அழைத்த ஒலியும் ஒரே தலைமுறையின் செவியிற் பட்டன. இவ்விரண்டையும் சேர்த்து எழுதிய கட்டுரைகள் மிகச் சில. அத்தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டமையின் இனி எழுதப்படுவதும் அரிதே.

தொலைக்காட்சி நினைவுகளைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலேசியாவில் அவ்வாண்டு டிசம்பர் 28இலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. வண்ணம் சிங்கப்பூருக்கு 1974இலும் மலேசியாவிற்கு 1978இலும் வந்தது. இந்நாட்டுக் கட்டுரையாளர் இதனை எழுதுகையில் வானொலியைக் காட்டிலும் உண்மையோடு எழுதுகின்றனர். படத்தை இரவல் வாங்குதல் கடினம் என்பது காரணமாகலாம். சமூக மன்றத்தில் பாய் விரித்து அமர்ந்ததும், சன்னல் வழியே பிறர் வீட்டுத் திரையை எட்டிப் பார்த்ததும், தமிழ்ப் படம் வரும் நாளில் சமையல் முன்கூட்டியே முடிந்ததும் இக்கட்டுரைகளில் இயல்பாக வருகின்றன. பி. ரம்லியின் படங்களும் தயக்கமின்றி இடம்பெறுகின்றன. அம்மலாய்ப் படவுலகில் எல். கிருஷ்ணன் இயக்குநராக விளங்கினார் என்பதும், பி. ரம்லி முதன்முதலாகக் கதைத்தலைவராக நடித்த 'பக்தி' (1950) அவர் இயக்கிய படமே என்பதும் சில கட்டுரையாளர்க்கேனும் நினைவில் உண்டு. கண்ணுக்குத் தந்த உரிமையைச் செவிக்கு ஏன் மறுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நினைவுக் கட்டுரை வரலாற்று ஏடு அன்று. அதன் அழகு உணர்ச்சியிலேயே உள்ளது. ஆண்டும் காரணமும் கேட்டு அதனை வருத்துதல் முறையோ என்பர். ஓரளவு நேரிய மறுப்பே. எனினும் உணர்ச்சி எங்கே பிறக்கின்றது என்று நோக்குதல் வேண்டும். 'வானொலி எங்கள் வாழ்வோடு இரண்டறக் கலந்திருந்தது' என்னும் தொடர் எவரையும் அசைக்காது. மின்கலம் தீர்ந்துவிடும் என்று அஞ்சிச் செய்தி முடிந்தவுடன் பெட்டியை அணைத்துவிடும் தந்தை, பாட்டு வரும்வரை பொறுக்குமாறு கண்ணால் கெஞ்சும் தாய் என ஒருவர் எழுதினால் அங்கே உணர்ச்சி தானே ஊறும். நுண்ணிய உண்மை உணர்ச்சிக்குப் பகையன்று.

ஒலியின் வழக்குத் தமிழ் அச்சில் தங்கியமைக்குச் சிங்கப்பூரில் ஒரு சான்று உண்டு. புதுமைதாசன் என்னும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் வானொலியிற் பணியாற்றிக்கொண்டே ஏராளமான நாடகங்களை எழுதியவர். அவருடைய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்னும் நகைச்சுவைத் தொடர் கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த மக்களின் வாழ்வைப் பேசிற்று. மேடையில் அந்நாளில் முழங்கிய அடுக்குமொழித் தமிழ் அதில் இல்லை. அண்டை வீட்டார் பேசும் தமிழ் இருந்தது. அது நூலாகவும் வெளிவந்தமையால் பின்வந்த மாணவர்க்கும் கிடைக்கின்றது. மலேசியாவில் ரெ. கார்த்திகேசு ஒலிபரப்புத் துறையிற் பணியாற்றியவர், பின்னர்ப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அத்துறையையே கற்பித்தவர், நாவலாசிரியரும் திறனாய்வாளருமானவர். இவ்விருவரைப் போல் நிலையத்தின் உள்ளிருந்து எழுதியோர் சிலரே. கேட்போர் பக்கத்துச் செய்தியைக் கேட்டவரே எழுதவேண்டும்.

ஆசிரியர்களின் பொறுப்பு இவ்விடத்தில்தான் வருகின்றது. 'தாத்தா காலத்து வானொலி' என்னும் தலைப்பை வகுப்பறையிற் கொடுத்துவிட்டு, மாதிரிக் கட்டுரை ஒன்றையும் உடன்வைத்தால் இரவல் நினைவே மேலும் பெருகும். பச்சை வண்ண விளக்கையும் பூவேலைத் துணியையும் பார்த்திராத மாணவன் அவற்றைப் பிழையின்றி எழுதிவிடுவான்; முழு மதிப்பெண்ணும் பெறுவான். அதற்கு மாறாக, வீட்டு முதியவரிடம் சில வினாக்களைக் கேட்டு வருமாறு பணித்துப் பார்க்கலாம். பெட்டி யாருடையது? உரிமக் கட்டணத்தை யார் செலுத்தினார்? குமிழைத் தொடும் உரிமை வீட்டில் யாருக்கு இருந்தது? பெண்கள் எங்கே நின்று கேட்டார்கள்? தமிழுக்கு முன் எந்த மொழி ஒலித்தது, பின் எந்த மொழி? விடைகள் துண்டு துண்டாக வரும். ஒன்றோடொன்று முரண்படவும் கூடும். அம்முரணை நேர்செய்யாமல் அப்படியே எழுதுமாறு மாணவனுக்குச் சொல்லலாம். கட்டுரை அழகு குன்றியதாகத் தோன்றினும் அதில் வேறெங்கும் கிடைக்காத ஒரு செய்தியேனும் இருக்கும்.

அண்ணாசாமி தொடரின் அச்சுப் படியில் உரையாடல் இருக்கின்றது. நடித்தவர் எங்கே மூச்சு வாங்கினார், எவ்விடத்தில் அடுத்த வீட்டார் சிரித்த ஒலி சுவர் வழியே கேட்டது, மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் எந்த வரியைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பவை அதில் இல்லை. அவற்றைச் சிறுவராய்க் கேட்டவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள்.