இரண்டாம் கியரின் ருசி

விஸ்வநத்தத்திலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காரை ஓட்டிப் போனால் அதன் குணம் முழுதும் தெரிந்துவிடும். இருபுறமும் கரிசல், சீமைக்கருவேலம், வேலிக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலைகளின் சிறு அறைகள். சாலை கொஞ்ச தூரம் நேராக ஓடும், ஓர் ஊருக்குள் நுழையும், வேகத்தடையில் ஏறி இறங்கும், ஒரு பாலத்தருகே வளையும், மறுபடி வெட்டவெளி. வேகத்தடை தாண்டியதும் இரண்டாம் கியர், பிறகு மூன்றாம் கியர். அறுபதைத் தொடும்போது எதிரே அட்டைப்பெட்டி அடுக்கிய மினி லாரி வந்துவிடும். இருநூறு குதிரைத்திறன் கொண்ட பெரிய காருக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை. அது தன் பலத்தில் கால்வாசியை எடுக்குமுன் சாலை முடிந்துபோகும். நூறு, நூற்றிருபது குதிரைத்திறனும், நான்கு மீட்டருக்குள் அடங்கிய உடம்பும், இறுக்கமான சஸ்பென்ஷனும் கொண்ட ஒரு ஹாட் ஹேட்ச்சுக்கோ இந்தச் சாலை அளவெடுத்துத் தைத்த சட்டை.

இருக்கிற பலம் முழுவதையும் அன்றாட சாலையில், சட்டத்துக்குள், பிறர் உயிருக்கு ஆபத்தில்லாமல் எடுத்து அனுபவிக்க முடிகிற கார் எதுவோ, அதுதான் நல்ல கார் என்பது என் கட்சி. அந்த அனுபவம் பெரும்பாலும் மணிக்கு முப்பதிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள், இரண்டாம் மூன்றாம் கியர்களில்தான் கிடைக்கிறது.

இந்த வகைக் காருக்குத் தாத்தா, 1961இல் பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பர் கைவைத்த மினி. குட்டிக் குடும்பக் கார், கொஞ்சம் கூடுதல் பலம், முன்பக்கம் டிஸ்க் பிரேக். அது 1964இல் மான்டே கார்லோ ராலியை வென்றபோது பெரிய கார்க்காரர்கள் திகைத்துப் போனார்கள். இலக்கணத்தை வகுத்தது ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஜிடிஐ. 1975இல் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு, மறுவருடம் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எண்ணூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மாலையில் மலைச்சாலையில் ஸ்போர்ட்ஸ் காரைத் துரத்தலாம். ஒரே வண்டியில் இரண்டு வாழ்க்கை.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு உருவம் கொடுத்ததில் பாதி பங்கு வரிச்சட்டத்துக்கு. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை; 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியமைத்தபோதும் 18 சதவீதச் சலுகைக்கு அதே அளவுகள்தான். ஐரோப்பாவில் ஹூண்டாய் விற்ற அசல் ஐ20 என் காரில் 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். அது இங்கே வரவேயில்லை. நமக்குக் கிடைப்பது ஐ20 என் லைன்: 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 குதிரைத்திறன். முதலில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் பட்டது. வெம்பக்கோட்டைச் சாலையில் ஓட்டிய பிறகு படவில்லை. 1976இன் ஜிடிஐயைவிட இதில் பத்து குதிரைத்திறன் அதிகம். எடை கூடியிருக்கிறது, உண்மை. ஆனாலும் இந்தச் சாலைக்கு இது போதும்.

வழிவந்த வண்டிகளில் சிலவற்றை நினைவுகூராமல் போக மனம் வரவில்லை. 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6: நூறு குதிரைத்திறன், அந்தக் காலத்தில் அந்த விலைக்கு யாரும் தராதது, சாலையைக் கவ்விக்கொண்டு போகும், பெட்ரோலையும் அப்படியே குடிக்கும். 2005இல் முதல் ஸ்விஃப்ட், ஓட்டுவதில் ஒரு சந்தோஷம் உண்டென்று லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்த வண்டி. 2017இன் பலேனோ ஆர்எஸ் 102 குதிரைத்திறனோடு ஒரு டன்னுக்கும் குறைந்த எடை கொண்டிருந்தது. காகிதத்தில் அபாரம், ஸ்டீயரிங்கில் மட்டும் உயிரில்லை. 2016இல் வந்த போலோ ஜிடிஐக்கு 192 குதிரைத்திறன். இரண்டு பக்கக் கதவுகள்தான், விலையோ ஏறத்தாழ 26 லட்சம், இந்தியாவுக்கு ஒதுக்கியது 99 வண்டிகள். பின்சீட்டுக்கு ஆச்சி ஏற முடியாத கார் இந்த மண்ணில் எப்படிப் பிழைக்கும்?

அபார்த் புன்டோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் பத்து லட்சத்துக்குச் சற்றே குறைந்த விலையில் 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முகத்தில் தேள் சின்னம். அதன் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய முறை. இன்றைய மின் மோட்டார் ஸ்டீயரிங்குகள் கையை நோகாமல் வைத்திருக்கும். சக்கரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லாது. புன்டோ சொல்லும். தாரின் சொரசொரப்பு, சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிகிற சாய்வு, கரிசல் மண் படிந்த இடத்தில் பிடி ஒரு நொடி இளகுவது எல்லாம் உள்ளங்கைக்கு வந்து சேரும். வாங்கியவர்கள் சிலரே. இன்றும் ஒன்று எதிரே வந்தால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இனி, புதிதாக வாங்குவது பற்றி. ஷோரூமில் முதலில் காட்டுவார்கள் குதிரைத்திறன் எண்ணை, வீட்டில் கேட்பார்கள் “அண்ணாச்சி, மைலேஜ் என்ன குடுக்கும்?” என்று. இரண்டுமே எனக்கு இரண்டாம்பட்சம். பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: எத்தனை கிராம் மருந்து என்பதைவிட அது எப்படிப் பற்றி எப்படி எரிகிறது என்பதில்தானே வேலைக்காரனின் கை தெரிகிறது. டர்போ எஞ்சினும் அதே கதை. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. அந்தச் சக்கரம் பெரிதாக இருந்தால் விழித்துக்கொள்ள நேரமாகும். மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும், வரும்போது மொத்தமாக வந்து முன்சக்கரம் தவிக்கும். சிறிதாக இருந்தால் சீக்கிரம் சுழலும். ஐ20 என் லைனில் 172 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே வந்து 4,000 வரை நிற்கிறது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது கார் எங்கே இருக்கிறதோ அங்கேயே பலமும் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். நான்குவழிச் சாலையில் எல்லாக் காரும் நல்ல காராகத் தெரியும். மேடுபள்ளமான கிராமச் சாலையை எடுங்கள். கரிசல் மண் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை அலையலையாக நெளியும். சஸ்பென்ஷனுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. வெறும் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிய வண்டி அந்த அலைகளில் துள்ளித் துள்ளி ஓட்டுபவர் வயிற்றைக் கலக்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பொருந்திய வண்டி ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்கி, அடங்கிவிடும். அந்த ஒற்றை அசைவில் அடங்குவதைத்தான் நான் அழகு என்கிறேன். பிரேக்கும் அப்படியே: தொட்டவுடன் கவ்வுவது வேண்டாம், காலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி கூட வேண்டும். குறுக்கே ஆடு வரும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இந்தப் பரீட்சையில் இன்று எனக்குப் பிடித்தமாகத் தேறுவது ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியரும், தானியங்கி இரட்டைக் கிளட்ச் கியரும்தான் இருந்தன. 2023 மாற்றத்தில்தான் முழுமையான ஆறு கியர் மேனுவல் சேர்ந்தது. அதற்கு முன் வாங்கியவர்களிடம் கேட்டால் ஐஎம்டியை மெச்சுவார்கள், நகர நெரிசலில் அதுவும் நியாயம். ஆனால் இடது காலுக்கு வேலை இல்லாத ஹாட் ஹேட்ச்சில் பாதிச் சுவை போய்விடுகிறது. இது உருவாகும் ஹூண்டாய் ஆலை சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில். 1990இலிருந்து கார் பந்தயம் நடக்கும் ஓடுதளம் இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். அதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வாடகைக் கொட்டகை போட்டுப் பந்தயம் பார்த்த தலைமுறை நம்முடையது. ஒரு தமிழ் ஊர் காரையும் செய்து, அதை விரட்டிப் பார்க்கிற தடத்தையும் வைத்திருப்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு, மறைக்கவில்லை.

டாடா அல்ட்ராஸ் ரேசர் 2024இல் 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவலோடு என் லைனுக்குக் குறைந்த விலையில் வந்தது. உடம்பு கெட்டி, பின்சீட் விசாலம். கியர் மாற்றும்போது கைக்குக் கிடைக்கும் தெளிவில் மட்டும் என் ஓட்டு ஹூண்டாய்க்கே.

சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. காலை எடுத்ததும் பின்குழாயில் பட பட என்று வெடிக்கும்படி எஞ்சின் கணினியில் மாற்றம் செய்துகொள்ளும் பழக்கம் நகரங்களில் பரவியிருக்கிறது. எரியாத பெட்ரோலைப் புகைக்குழாய்க்குள் விட்டு அங்கே எரியவைக்கும் வேலை அது. சில வண்டிகளில் வெளியே நெருப்பே தெரியும். ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனங்களுக்குத் தீப்பொறி தடுப்பான் கட்டாயம் என்று மோட்டார் வாகன விதி இருக்கிற நாடு இது. அந்தச் சரக்கே பிழைப்பான ஊர்ப் பகுதியில் நெருப்பு கக்கும் புகைக்குழாயோடு ஓட்டுவது பொறுக்க முடியாத அறிவீனம். இன்னொன்றும் உண்டு. இங்கே எதிர்பாராத ஒரு வெடிச்சத்தம் கேட்டால் பெண்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கிறார்கள். வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று மனது கணக்கெடுக்கிறது. அந்த நெஞ்சுப் பதற்றத்தை ஒருவர் பொழுதுபோக்குக்காக உண்டாக்கக் கூடாது. என் லைனின் இரட்டைப் புகைக்குழாய் கம்பெனி கொடுத்தபடியே உறுமினால் போதும். கண்ணாடியை இறக்கினால் ஓட்டுகிறவருக்குக் கேட்கும்.

காலையிலும் மாலையிலும் ஆலை வேன்கள் ஆட்களை ஏற்றி இறக்கும் நேரத்தில் இந்த வண்டியும் மற்ற வண்டிதான். மூன்றாம் கியர், முப்பது கிலோமீட்டர் வேகம், அவ்வளவே. சிறிய எஞ்சின் அந்த வேகத்தில் முனகாமல் போகிறதா என்பதும் தேர்வின் ஒரு பகுதி.

உடன் வாழத் தொடங்கினால் வெயில்தான் முதல் உறவினர். மருந்து காய்வதற்கு உதவுகிற இந்த வறண்ட காற்று டர்போவுக்குப் பகை. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. அழுத்தும்போது இன்னும் சூடேறும். எஞ்சின் தட்டாமல் இருக்க கணினி தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைக்கும். பலம் மெல்லக் குறையும். மே மாத மூன்று மணிக்குச் சோம்பிக் கிடக்கும் அதே வண்டி, மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேறு வண்டியாக எழுந்து நிற்கும். விடியற்காலையில்தான் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். விரட்டி ஓட்டி வந்தபின் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக வந்தால் டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகாது. எண்ணெயை மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

டயர் விஷயத்தில் 195/55 ஆர்16 என்ற கம்பெனி அளவோடு நிற்பது நல்லது. பதினேழு அங்குல அலாய் வீலும் மெல்லிய டயரும் பார்க்க எடுப்பு. ஆனால் விளிம்பு உடைந்த தார்ச்சாலையில் டயரின் பக்கச்சுவர்தான் முதலில் அடிவாங்கும். ஐப்பசி மழையில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்து வந்து சாலையில் அப்பும் கரிசல் சேறு வழவழப்பானது. அங்கே நல்ல டயரைத் தவிர வேறு எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது.

ஊர்ச் சாலை போதாதென்று தோன்றும்போது ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை எஸ் வளைவுக்கு ஏறி ஆரியங்காவுப் பக்கம் போகலாம். கேரள லாரிகள் வரிசை கட்டாத விடியல் வேளையில், இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங்கை ஒரே அளவில் பிடித்து, வளைவின் பாதியில் மெல்ல அழுத்தத் தொடங்கும்போது முன்சக்கரங்கள் தாரைப் பிடித்து இழுப்பது தெரியும். வேகமானி அப்போது நாற்பதைக்கூடக் காட்டாது.

புதிது வாங்கக் கைக்கு எட்டாதவர்களுக்கு 2022இல் விடைபெற்ற போலோவின் ஒரு லிட்டர் டிஎஸ்ஐ மேனுவல் என் சிபாரிசு: 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், கதவை மூடும் சத்தத்திலேயே தெரியும் கட்டுமானம். செகண்ட் ஹேண்ட் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் போய் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகளைப் பாருங்கள். எஞ்சின் கணினியில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பலத்தைக் கூட்டியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்லாம் சரியென்றால் வீட்டு ஆட்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அவர்களுக்கும் பிடித்தால்தான் அந்த வண்டி வீட்டில் பல வருடம் நிற்கும்.