'கற்பு' இல்லாத உடல்

'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பெண்ணியர்கள் நிராகரித்தது சரி. குற்றம் ஒருவன் செய்ய, கறையைப் பெண்மீது பூசிய சொல் அது. ஆனால் அச்சொல் செய்துவந்த இன்னொரு காரியத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை. கற்பு இருந்தால்தானே அழியும்? ஆணுக்கு இச்சமூகம் கற்பை விதிக்கவில்லை. ஆகவே அவனுடல்மீது நிகழும் பாலியல் வன்முறைக்கு மொழியில் இடமே இல்லை. 'வல்லுறவு', 'வன்புணர்ச்சி' என்று சொல்லை மாற்றிக்கொண்ட பிறகும் மனசுக்குள் ஓடுவது பழைய சொல்தான். 'ஆம்பளைக்கு என்ன கெட்டுப்போச்சு, தொடச்சுப் போட்டுட்டுப் போ' என்பதில் இரக்கமின்மை மட்டுமல்ல, ஒரு தத்துவமே இருக்கிறது.

ஈழத்தை எடுத்துக்கொள்வோம். 1996இல் கிருஷாந்தி செம்மணியில் இராணுவத்தினரால் வல்லுறவுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது எழுத்தாளர்கள் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். அதே தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சித்திரவதைக்குள்ளானோருக்குச் சிகிச்சையளிக்கும் லண்டன் அமைப்பொன்றுக்கு வந்த இலங்கைத் தமிழ் ஆண்கள் 184 பேரில் 38 பேர், தடுப்புக்காவலில் தங்களுக்குப் பாலியல் வன்முறை நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். 2000இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. ஐந்தில் ஒருவர். 2013இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையின் 75 பேரில் 31 பேர் ஆண்கள், 3 பேர் சிறுவர்கள். மருத்துவர் குறித்துக்கொண்டார், மனித உரிமைக்காரர் குறித்துக்கொண்டார். நம் இலக்கியத்தில், விரல்விட்டு எண்ணும் விதிவிலக்குகள் போக, இவர்கள் எங்கே?

தேசியச் சொல்லாடலில் பெண்ணுடல்தான் மண். ஆண் அந்த மண்ணுக்குக் காவல். காவல்காரனே மீறப்பட்டான் என்று சொல்ல அந்தக் கதையாடலில் வழி கிடையாது. எனவே விஷயம் 'சித்திரவதை' என்ற தலைப்புக்குக் கீழே போய் ஒதுங்கிக்கொள்கிறது. தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட தழும்பைச் சட்டையைக் கழற்றிக் காட்டலாம். அதில் ஒரு வீரமுண்டு. மற்றதைக் காட்ட முடியாது. 'சித்திரவதை' என்பது பொய்யில்லைதான். ஆனால் படைக்காரன் ஏன் அந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்தான் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. கைதியைப் 'பெண்ணாக்கி' விடுவதே அவன் நோக்கம். பெண்ணாவது இழிவு என்பதில் அவனும், கேள்விப்பட்டு வாய்மூடிக்கொள்ளும் நாமும் ஒரே கட்சி. பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று பெரியார் எழுதியதை இந்த 38 பேரை மனதில் வைத்து இன்னொருமுறை வாசிக்கலாம்.

'பாத்தீங்களா, ஆம்பளைங்களும்தான் பாதிக்கப்படுறாங்க' என்று பெண்ணியத்தை மடக்கக் கிளம்புகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இந்த ஆண்களை மீறியவர்களும் பெரும்பாலும் ஆண்களே. இந்தியாவில் 2013இல் வர்மா குழு முன்வைத்த வரைவும் குற்றவாளியை ஆணாகவும், பாதிக்கப்படுபவரை எந்தப் பாலினராகவும்தான் வைத்தது. அரசு முதலில் அவசரச் சட்டத்தில் இரண்டு பக்கமும் பொதுவாக்கியது. இரண்டே மாதத்தில் பழையபடி பெண் மட்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் 377 மொத்தமாகக் காணாமல் போனது. சம்மதித்த இருவரை 2018 தீர்ப்பே விடுவித்திருந்தது. இப்போது, சம்மதிக்காத வயதுவந்த ஆணுக்கு மிச்சமிருந்த ஒரே பிரிவும் போயிற்று. அவன் அடிதடி என்று புகார் கொடுக்கலாம். இலங்கையில் 1995 திருத்தம் 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்றொரு குற்றத்தை ஆண் பெண் பேதமின்றிச் சேர்த்தது. வல்லுறவு என்ற பெயரைப் பெண்ணுக்கே வைத்துக்கொண்டது. அங்கும் சொல்தான் பிரச்சினை.

புகலிட விசாரணை அறையில் அதிகாரிக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பெரும்பாலும் நம்மாள்தான். 'எனக்கும் அப்பிடிச் செய்தவங்கள்' என்று அவன் தலைகுனிந்து சொல்லும்போது, அந்த 'அப்பிடி'க்கு அவர் என்ன சொல் போடுகிறார்?