ஏலப் பட்டியலும் ஏழு பேரும்

புத்தகத்தைப் படிக்காமல் விமரிசனம் எழுதுவது பாவம் என்று இலக்கிய உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. விளையாட்டு ரசிகனுக்கு அந்தப் பாவம் ஒட்டுவதில்லை. ஆட்டம் ஆரம்பமாவதற்கு இரண்டு மாதம் முன்பே அவன் தன் விமரிசனத்தை எழுதி முடித்து, நாலு பேருக்கு வாசித்தும் காட்டிவிடுவான். அவன் கையில் இருப்பதெல்லாம் ஒரே ஒரு காகிதம்: ஏலத்தில் எந்த அணி யாரை என்ன விலைக்கு எடுத்தது என்ற பட்டியல். நாடகம் தொடங்குமுன் பாத்திரங்களின் பெயரைப் பார்த்துவிட்டே முடிவு சொல்லுகிற துணிச்சல் அது.

அந்தத் துணிச்சல் எனக்கும் உண்டு. தமிழ் தலைவாஸ் என்ற கபடி அணிக்கு நான் ரசிகன். ‘கபடியா!’ என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் சிலர் இருக்கக்கூடும். கிரிக்கெட் என்றால் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். கபடி நேற்றுவரை வாசல் திண்ணையோடு நின்ற விருந்தாளிதான். ஆனால் எங்கள் வானூர்ப் பக்கத்தில் அதற்குத் திண்ணையும் தேவைப்படவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற வழியில் இரு பக்கமும் பாருங்கள். செம்மண்ணும், முந்திரித் தோப்பும், சவுக்கும்தான் எங்கள் சொத்து. செம்மண்ணில் ஒரு கோடு கிழித்தால் ஆட்டம் தயார். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், செருப்புக்கூட வேண்டாம். மூச்சு மட்டும் வேண்டும். சடுகுடு என்று பாட்டன் பெயர் வைத்திருந்த அந்த ஆட்டம், 1990-ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இடம் பெற்றது. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் புரோ கபடி லீக் என்ற பெயரில், விளக்கு வெளிச்சத்தில், மெத்தை விரிப்பின்மேல் ஏறிக்கொண்டது.

மெத்தைக்கு ஏறியதும் விலையும் ஏறியது. 2014-ஆம் ஆண்டு நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார்; 12.8 லட்ச ரூபாய். 2018-இல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். கோடியைத் தாண்டிய ஏலம் அதுதான் முதல். 2023-இல் பவன் செஹ்ராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2.605 கோடிக்கு எடுத்தது. ஒன்பது ஆண்டுகளில் இருபது மடங்கு! எங்கள் பக்கத்து மனைக்கட்டுகூட இவ்வளவு வேகமாக ஏறவில்லை.

மனிதனை ஏலம் போடுவதாவது, இதென்ன மாட்டுச் சந்தையா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் கேட்கிறவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான் கேட்கிறார். முன்பெல்லாம் கபடி ஆடுகிற பிள்ளைக்கு, ரயில்வேயிலோ போலீசிலோ ஓர் உத்தியோகம் கிடைத்தால் அதுவே மோட்சம். அது கிடைக்காதவன் முழங்கால் தேயும்வரை ஆடிவிட்டு, கோப்பைகளைப் பரணில் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போவான். அவன் உழைப்புக்கு ஒரு விலை கிடைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. என் ஆட்சேபம் வேறு. விலையைத் தகுதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அதைத்தான் இங்கே விமரிசிக்க விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். மெத்தையில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போகிறவன் ஒருவன். அவனுக்கு முப்பது விநாடி. எதிரே ஏழு பேர் பிடிக்க நிற்கிறார்கள். மூலையில் நிற்கிறவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தால், அவனுக்கு அடுத்து ‘கவர்’ நிற்கிறவன் அதே கணத்தில் இடுப்பில் மோத வேண்டும். ஒரு விநாடி முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. அதனால்தான் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே நகருகிறார்கள். பக்கத்துக் கை இறுகுவதை வைத்தே அவன் என்ன செய்யப்போகிறான் என்று இவனுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பழக்கம் எந்த ஏலத்திலும் விலைக்கு வருவதில்லை. இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து ஆடினால் வரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அணியின் பட்டியல்களைப் புரட்டுவோம்.

தலைவாஸ் அணி 2017-இல் பிறந்தது. முதல் தலைவர் அஜய் தாக்கூர், இமாசலப் பிரதேசத்துக்காரர். 2016 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஈரானை வீழ்த்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பாடிப் போனால் எதிரே நிற்கிறவர்களுக்குக் கால் தயங்கும். ஆனாலும் அந்த ஆண்டு நம் அணி தன் பிரிவில் கடைசி. 2018-லும் கடைசி. அவர் ஒருவர் புள்ளி எடுத்து வருவார். மற்றவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சம்பாதிக்கிறவர் ஒருவரும் செலவழிக்கிறவர் ஆறு பேருமாக இருக்கும் குடும்பம்போல நடந்தது ஆட்டம்.

2019-இல் ஏலம் பார்த்த ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ராகுல் சௌதரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய் தாக்கூர் இருக்கிறார். பிடிப்பதில் பெயர் பெற்ற மஞ்சித் சில்லர் இருக்கிறார். மூன்று சிகரங்கள் ஒரே அணியில்! பட்டியலைப் பார்த்தவுடனே கோப்பை வந்துவிட்டதாகக் கொண்டாடியவர்கள் உண்டு. முடிவு என்ன? பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். மூன்று பெரிய வித்துவான்களை ஒரே மேடையில் உட்காரவைத்துவிட்டு, பக்கவாத்தியத்தை மறந்துபோன கச்சேரி அது.

இந்த மூன்று ஆண்டுகளும் ஒரு பாடத்தைச் சொல்லின. நாலாவது பாடம்தான் உண்மையில் ருசிகரமானது.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஏலத்தில், தலைவாஸ் அணி பவன் செஹ்ராவத்தை 2.265 கோடிக்கு எடுத்தது. அன்றுவரை லீக்கில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. கணக்குப் பார்த்தால் திகைப்பு வரும். ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அந்த ஆண்டு அனுமதித்த தொகையே 4.4 கோடிதான். அதில் பாதிக்குமேல் ஒருவருக்கே போயிற்று. மிச்சத்தில்தான் மற்ற அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாசற்கதவுக்கு வெள்ளிப்பூண் போட்ட மாதிரி.

அக்டோபர் 8-ஆம் தேதி, பெங்களூரில் முதல் ஆட்டம், குஜராத் ஜயன்ட்ஸ் அணியோடு. ஆட்டம் பாதி நடப்பதற்குள் பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பி வரவேயில்லை. 2.265 கோடியும் ஒரு ஆட்டத்தில் சில நிமிஷங்களோடு முடிந்தது.

பட்டியலை மட்டும் படித்தவன் அன்றைக்கே கதையை முடித்திருப்பான். ஆனால் கதை அங்கேதான் ஆரம்பமாயிற்று. ஹரியானாவிலிருந்து வந்த நரேந்தர் என்ற இளைஞன் பாடிப் போனான். ஏலத்தில் பலத்த போட்டியோடு வாங்கிய சரக்கல்ல. புது இளைஞர்கள் என்ற வரிசையில் சொற்பத் தொகைக்குச் சேர்ந்தவன். அந்தப் பருவத்தில் அவன் பாடி எடுத்த புள்ளிகள் 243. பின்னால் மூலையில் சாகர். முந்தின பருவத்திலேயே 82 பிடிப்புப் புள்ளிகள் எடுத்தவன். சாகில், மோகித், நம் தமிழ்நாட்டு அபிஷேக் என்று கை கோத்து நின்ற பிள்ளைகள் ஏற்கெனவே பழகியவர்கள். பயிற்சியாளராக அஷன் குமார் நடுவில் வந்து சேர்ந்தார். நாலு பருவங்களாக அரையிறுதியின் வாசனையையே அறியாத அணி, யு.பி. யோத்தாஸ் அணியோடு 36-36 என்று சமமாக முடித்து, அதற்குமேல் நடந்த சமன்முறிப்பில் வென்று, அரையிறுதிக்குப் போயிற்று. டிசம்பரில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இரண்டு புள்ளி! அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை ஒளிப்பானேன்? ஆனால் அந்தத் தோல்வியில் இருந்த கௌரவம் முந்தைய பட்டியல்களின் ஆடம்பரத்தில் இல்லை.

‘பவன் இருந்திருந்தால் கோப்பையே கிடைத்திருக்குமே!’ என்று ஒரு கட்சி. இருக்கலாம். அவர் அசாதாரணமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் இருந்திருந்தால் நரேந்தரை யார் பாட அனுப்பியிருப்பார்கள்? பெரிய மரத்தின் நிழலில் செடி வாடுவது தோட்டக்காரனுக்குத் தெரிந்த விஷயம். விலை கொடுத்த அணி, விலை கொடுத்தவனையே திரும்பத் திரும்ப அனுப்பும். கொடுத்த பணத்துக்கு ஆறுதல் வேண்டுமல்லவா?

இந்த அனுபவத்துக்குப் பிறகாவது நம்மவர்கள் மாறினார்களா என்றால், 2024 ஏலத்தில் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்தில் அதுவே உச்சம். அந்தப் பருவத்தில் நம் இடம் ஒன்பது. 2025-இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி. அதே ஏலத்தில் பவன் மறுபடியும் நம்மிடம் வந்தார். இந்தத் தடவை 59.5 லட்சத்துக்கு. அதே மனிதர், அதே கால்கள். மூன்று வருஷத்துக்குள் 2.265 கோடி, 2.605 கோடி, 59.5 லட்சம் என்று மூன்று விலை! பருவம் முடியுமுன்பே அவர் அணியைவிட்டு வெளியேறியது தனிக் கதை. ஒரு மனிதனின் தகுதி இப்படி ஏறி இறங்குமா? ஏறி இறங்கியது வாங்குகிறவர்களின் ஆசையும் பயமும்தான்.

இனி, எல்லாரும் தொடத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். அணியின் பெயரில் ‘தமிழ்’ இருக்கிறது. பட்டியலில் தமிழர்கள் எத்தனை பேர்?

தஞ்சாவூர் ஜில்லாக்காரரான தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016-இல் ஒரு அணிக்குத் தலைமை வகித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். எந்த அணிக்கு? பாட்னாவுக்கு. மறு வருஷம் தமிழ் தலைவாஸ் பிறந்தபோது அவர் புனேக்கு ஆடிக்கொண்டிருந்தார். பவன் முழங்காலில் அடிபட்ட அன்று எதிரே நின்ற குஜராத் அணியின் தலைவர் யார்? சந்திரன் ரஞ்சித், தமிழ்நாட்டுக்காரர். நம் பிள்ளைகள் ஊரூராகப் போய் ஆடுகிறார்கள். நம் ஊருக்கு ஹரியானாப் பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள்.

இதில் இரண்டு சுலபமான அபிப்பிராயங்கள் இருக்கின்றன. ‘ஏழு பேரும் தமிழராக இருக்க வேண்டும்’ என்பது ஒன்று. ‘விளையாட்டுக்கு மொழி ஏது?’ என்பது மற்றொன்று. இரண்டுமே யோசிக்கிற சிரமத்தை மிச்சம் பிடிக்கும் அபிப்பிராயங்கள். நரேந்தரும் சாகரும் நமக்காக ஆடியபோது, அவர்களுக்குத் தமிழ் தெரியுமா என்று எவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றி கெட்டவன். அதே சமயம், பெயரை வைத்துக்கொண்டு ஊரை மறந்துவிடுவதும் நியாயமில்லை. அந்தப் பெயருக்காகத்தானே எங்கள் பக்கத்துக் கிழவர்கூடத் தொலைக்காட்சிமுன் உட்காருகிறார்?

மண்ணில் விதை இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. தூத்துக்குடிப் பக்கத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கினார். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிகளில், பெண்கள் பக்கம் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் பக்கம் வடுவூர் அபினேஷ். கண்ணகி நகர் என்றால் சென்னையில் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயிருந்துதான் தங்கம் வந்தது.

ஆகவே, அணியைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு ரசிகனின் விண்ணப்பம் இது. பாடிப் போகிற ஒருவருக்கே கஜானாவைத் திறந்துவிடாதீர்கள். முதலில் இரண்டு மூலைக்கும் ஆள் தேடுங்கள். கிடைத்த ஜோடியை மூன்று வருஷம் பிரிக்காதீர்கள். தோற்ற மறுநாளே எல்லாரையும் கலைத்துவிட்டுப் புதுச் சீட்டு எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு கேட்கவில்லை. இளைஞர்களைச் சேர்க்கும் அந்த மலிவு வரிசை இருக்கிறதே, அதற்காக வருஷம் ஒரு தடவை வடுவூருக்கும், மணத்திக்கும், முடிந்தால் எங்கள் செம்மண் பக்கத்துக்கும் ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள். பொங்கலை ஒட்டி வந்தால் சௌகரியம். தேடாமலே ஆட்டம் கண்ணில் படும். எடுத்த பிள்ளையை விளம்பரப் படத்தோடு நிறுத்தாமல் மெத்தையில் இறக்குங்கள். நாலு ஆட்டம் தோற்றாலும் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். தொடர்ந்து மூன்று பருவம் கடைசி இடத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். பொறுமை எங்களுக்குப் புதிதல்ல.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஏலத்தன்று பட்டியல் கையில் வந்ததும் விலை எழுதியிருக்கும் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். இவர்களில் யார் யாரோடு முன்பு கை கோத்து நின்றிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால் மிச்சத்தை ஆட்டம் சொல்லும்.