பழைய புல்லட்டின் கியர்பாக்ஸ்

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் வலப்பக்கம் குனிந்து பாருங்கள். கியர் லீவரோடு இன்னொரு சிறு லீவரும் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு என எந்தக் கியரில் நின்றாலும், கிளட்சைப் பிடித்து அதைக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் காலுக்குக் கிடைத்த வரம் அது!

பர்மிங்காமின் ஆல்பியன் நிறுவனம் வடிவமைத்த நான்கு கியர் பெட்டி இது. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா இதைப் பல பத்தாண்டுகள் சுமந்தது.

இப்படியொரு பழைய பெட்டியை வாங்குபவர் அதன் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கியர்கள் ஒன்றையொன்று கவ்வும் பற்களின் விளிம்பு கூராக இருந்தால் நல்ல பெட்டி. மழுங்கியிருந்தால் ஓடும்போதே கியர் நழுவும். கூட்டில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலையைக் குறைத்தே பேசலாம். நியூட்ரல் லீவரும் உள்ளுறுப்புகளும் முழுசாக இருந்தால், கேட்ட விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.