அறிக்கையில் இல்லாத பெயர்கள்
சபைப் பெண்கள் சங்கத்தின் சேவை குறித்து ஒரு வாசிப்பு

தேவாலயங்களில் வருசத்துக்கு ஒருமுறை வாசிக்கப்படும் பெண்கள் சங்க அறிக்கையை யாரும் ஒரு பிரதியாக எடுத்துப் படிப்பதில்லை. வாசித்து முடித்ததும் கைதட்டல், ஜெபம், டீ, கலைந்து போதல் என்று முடிந்துவிடுகிறது. ஆனால் தலித் பெண்களின் வாழ்வைப் பற்றி இடைவிடாமல் எழுதப்பட்டு வரும் எழுத்துகளில் இந்த அறிக்கைகளும் ஒன்று. நாவலாசிரியர்கள் நம் தெருவை எப்படி எழுதினார்கள் என்று கேட்கும் நாம், இதையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும்.

படித்தால் முதலில் தட்டுப்படுவது வினைச்சொற்கள்தான். வழங்கினோம், சந்தித்தோம், ஜெபித்தோம், உதவினோம், நடத்தினோம். எழுவாய் எப்போதும் 'நாங்கள்'. வாங்கியவர்களுக்குப் பெயர் கிடையாது. 'ஏழை எளியோர்', 'விதவைகள்', 'கிராமத்து மக்கள்' என்று மொத்தமாக ஒரு சொல்லில் அடைக்கப்படுவார்கள். இதில் 'கிராமம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'கிராம ஊழியம்' என்று சபை சொல்லும்போது அது பெரும்பாலும் ஊர்த்தெருவைக் குறிப்பதில்லை, சேரியைக் குறிக்கிறது. சேரி என்று சொன்னால் சாதி வந்துவிடும். சாதி வந்தால் அந்தத் தெருவில் ஏன் அந்த நிலை என்ற கேள்வி வந்துவிடும். கேள்வி வராமலிருக்கச் சொல்லை மாற்றிக்கொண்டார்கள்.

இந்தச் சங்கங்களின் ஊற்று எங்கே என்று பார்க்கலாம். 1876ல் இங்கிலாந்தில் ஓல்டு ஆல்ரஸ்ஃபோர்டு என்ற ஊரில் சபைகுரு ஒருவரின் மனைவியான மேரி சம்னர் தாய்மார் சங்கத்தைத் தொடங்கினார். முதல் கூட்டத்தில் பேச வாய் வராமல், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு சபையில் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேச இடம் செய்துகொண்டது சாதாரணக் காரியம் இல்லை. ஆங்கிலிக்கச் சபை போன இடமெல்லாம் இந்தச் சங்கமும் போயிற்று. 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் உள்ளிட்ட சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இந்த மரபு பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. திருச்சி-தஞ்சை திருமண்டலத்தின் எல்லைக்குள் இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் இது பொருந்தும்.

கூடவே ஒரு மாதிரி வீடும் வந்தது. கணவன் சம்பாதிப்பான், தாய் வீட்டிலிருந்து பிள்ளைகளை ஒழுக்கமாக வளர்ப்பாள் என்கிற வீடு அது. விவாகரத்தான பெண்களை 1970கள் வரை தாய்மார் சங்கம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. விடியுமுன் நடவுக்கும் களைக்கும் கல்லுடைக்கவும் போகிறவளுக்கு இந்த வீட்டில் எந்த மூலை? மிஷனரிப் பெண்கள் 'ஜெனானா' ஊழியம் என்று உயர்சாதி வீட்டின் உள்ளறைக்குள் நுழைய எவ்வளவோ பாடுபட்டார்கள். நம் பெண்களைப் பூட்டி வைக்க உள்ளறை ஏது? அவர்கள் வெயிலில்தான் இருந்தார்கள். 'வீட்டைச் சீர்திருத்து' என்று ஆரம்பிக்கும் சேவைக்கு, மிராசுதாரின் வயலையும் குவாரி முதலாளியின் கணக்கையும் சீர்திருத்தும் வேலை கடைசிவரை கண்ணில் படவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் பட்ட காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த ஆங்கிலிக்க மிஷனிலும் லேஸ் வேலையைத் தொடங்கினார். அந்த லேஸ் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது என்று விமர்சிக்கலாம். ஆனாலும் பின்னியவள் கையில் காசு வந்தது. அது தருமம் இல்லை, கூலி. கூலி வாங்கியவள் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இனாமாகச் சேலை வாங்குகிறவள் சொல்லியாக வேண்டும். சேவை கூலியிலிருந்து தருமத்துக்கு இறங்கியது என் பார்வையில் ஒரு பின்னடைவு.

சாதிக்கு வருவோம். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தனித்தனியாக உட்காருவதும் திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தில் வாய் வைப்பது என்பதும் அவர்களுக்கு விசுவாசத்தை விடப் பெரிதாகப் போயிற்று. பலர் சபையை விட்டே போனார்கள். சாதியாசாரத்துக்காக வாதாடியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். இன்றைய திருச்சி-தஞ்சை திருமண்டலம் நிற்கிற மண்ணில் நடந்தது இது. அந்தப் பாத்திரத்தில்தான் இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவத்தின் சாதி வரலாறு கிடக்கிறது. ஆனால் சேவையைப் பற்றிய சபைச் சொல்லாடலில் அந்தப் பாத்திரம் வருவதே இல்லை, சேலையும் அரிசியும்தான் வருகின்றன.

இன்னொரு சொல் 'ஐயரம்மா'. சபைகுருவின் மனைவியை அப்படித்தான் அழைக்கிறோம். பறைத்தெருவில் பிறந்து, ஊர்த்தெருவில் பேர் சொல்லிக்கூட அழைக்கப்படாமல் 'ஏ புள்ள' என்று ஏவப்பட்ட ஒருத்தி, ஐயரம்மா என்று எழுந்து நின்று அழைக்கப்படுவது சின்ன விசயம் இல்லை. இன்று அப்படி எத்தனையோ தலித் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மரியாதை யார் வழியாக வந்தது? கணவன் வழியாக. சேகரத்தில் ஐயரம்மா, திருமண்டலத்தில் பேராயரின் மனைவி என்று பெண்கள் சங்கத்தின் தலைமை பெரும்பாலான இடங்களில் தாலி வழியாக வருகிறது, தேர்தல் வழியாக அல்ல. கணவனுக்கு மாறுதல் வந்தால் தலைவியும் மாறிவிடுவார். 1976ல் தென்னிந்தியத் திருச்சபை ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013ல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதா பேராயரானார். பேராயரே பெண் என்றான பிறகு 'பேராயரின் மனைவி' என்கிற நாற்காலிக்கு என்ன அர்த்தம்? பெண்களின் சங்கமே இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

இதையெல்லாம் சொல்லிச் சங்கத்தைத் தள்ளிவிடுவது சுலபம். நாம் அப்படிச் செய்ய முடியாது. கூட்டத்தில் எழுந்து பேசவும், மினிட்ஸ் எழுதவும், வரவு செலவு பார்க்கவும், ஆண் துணையில்லாமல் பஸ் ஏறி அடுத்த ஊர்க் கூடுகைக்குப் போய்வரவும் எத்தனையோ தலித் பெண்கள் முதலில் பழகியது இங்கேதான். கட்சியும் தொழிற்சங்கமும் அவளுக்கு நாற்காலி போடுமுன் சபை ஒரு பாயாவது விரித்தது. அந்தப் பழக்கம் சபைச் சுவருக்கு வெளியே ஏன் போகவில்லை என்பதே கேள்வி.

வெளியே போனால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1991-92ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தைக் கலக்கியது. எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள். அதைவிடப் பெரிய காரியம் கல்குவாரியில் நடந்தது. ஒப்பந்தக்காரனிடம் கொத்தடிமை போலக் கல்லுடைத்துக் கிடந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. அவர்களில் கணிசமானவர்கள் தலித் பெண்கள். கல்லை உடைத்தவளே கணக்கும் எழுதினாள், லாரிக்காரனிடம் விலையும் பேசினாள். அங்கே 'வழங்கினோம்' என்ற வினைக்கு இடமில்லாமல் போயிற்று. பின்னால் அதிகாரிகள் மாறினார்கள், ஒப்பந்தக்காரர்கள் விடவில்லை, குத்தகைகள் கையைவிட்டுப் போயின. அதுவும் ஒரு பாடம்தான். பெண்கள் கைக்கு அதிகாரம் வந்தால் அதைப் பிடுங்க ஆள் வரும். இனாமாகக் கொடுத்த சேலையைப் பிடுங்க எவனும் வருவதில்லை. எது அதிகாரம், எது தருமம் என்று பிரித்தறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

முப்பது வருசம் கழித்து இதே மாவட்டத்தில்தான் வேங்கைவயல். 2022 டிசம்பர் 26ல், தலித் மக்கள் குடித்த 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. பிள்ளைகள் நோய்ப்பட்ட பிறகுதான் தண்ணீரின் மேல் சந்தேகமே எழுந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகளுக்கு முன்னால் டீக்கடையின் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிப்பட்டன. 2025 சனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை அதே தலித் சமூகத்தின் மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள்.

தெருப் பேச்சில் கேட்டால் கேள்வி இப்படி வரும்: 'சேல குடுத்தாக, சரித்தான். தண்ணிக்கு என்னா பதிலு?' இந்தக் கேள்விக்கு ஆண்டறிக்கையில் பத்தி இல்லை. தண்ணீர் எடுப்பது பெண், குடத்தைத் தூக்குவது பெண், வாந்தியெடுத்த பிள்ளையைத் தோளில் போட்டு ஓடுவது பெண். தாய்மாரைப் பற்றிய சங்கத்துக்கு இதைவிடத் தாய்மை சார்ந்த விசயம் வேறென்ன இருக்கிறது?

சபைக்கு உள்ளேயே கிடக்கும் பிரச்சினையும் இருக்கிறது. 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகள் வெளியேதான் நிற்கிறார்கள். 2022ல் இதை ஆராய பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற தலித் பெண் அரசுக் கணக்கில் பிற்படுத்தப்பட்டவள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவளுக்குக் கைகொடுக்காது. ஊர் அவளைப் பழைய பேரிலேயே கூப்பிடுகிறது, சட்டம் மட்டும் புதுப் பேரில் கூப்பிடுகிறது. பெண்கள் சங்கத்தின் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேரின் கதை இது! இதைப் பேசாத சேவை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்காமல் தூரத்துக் கிராமத்தைத் தேடிப் போகிற சேவை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். தலைமை தேர்தலில் வரட்டும், ஐயரம்மாவும் அதில் நிற்கட்டும், ஜெயித்து வரட்டும். அறிக்கையில் சாதி எழுதப்படட்டும், உதவி பெற்றவர்கள் தங்கள் பெயரோடு, அவர்கள் சம்மதத்தோடு, தங்கள் வார்த்தையில் பேசட்டும். தையல் எந்திரம் கொடுக்கிற கை, தண்ணீர்த் தொட்டிக்கும் மூன்றாம் பத்திக்கும் மனு எழுதவும் நீளட்டும். நடந்து முடிந்ததை மட்டும் எழுதாமல், போட்ட மனு என்ன ஆயிற்று, எந்த அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதையும் அறிக்கை எழுதட்டும். அதைக் கேட்டுவிட்டுக் கலைந்து போகிறவர்களிடம் டீ குடிக்கும்போது பேசுவதற்கு ஒரு விசயமாவது இருக்கும்.