ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுங்கள்

கான்ட்ரா என்ற வீடியோ கேமின் மூன்றாவது ஸ்டேஜில் ஓர் அருவி வரும். பாறைப் படிகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் மட்டும் அவசரப்பட்டு ஏறிவிட்டால் திரையும் அவரோடு மேலே போய்விடும். கீழே நிற்கிறவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். அந்த அருவியை இரண்டு பேராகச் சேர்ந்து ஏறி முடித்தவர்களை எங்கே கண்டாலும் எனக்குப் பிடித்துப்போகும். "நீ ஏறு, நான் மேல நிக்கவனைச் சுடுதேன்", "நில்லுலே, நான் வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி ஏறியவர்கள் அவர்கள். வீடியோ கேம் பிள்ளைகளை உம்மணாமூஞ்சி ஆக்குகிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த அருவியைப் பார்த்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் அம்பூரி. ஒரு பக்கம் நெய்யாறு அணையின் தண்ணீர், ஒரு பக்கம் அகத்தியமலைத் தொடர், நடுவில் ரப்பரும் மரச்சீனியும். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு எங்கே விழுந்தால் என்ன, பனச்சமூடு சந்தைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும்தான் வருவார்கள், பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் வீட்டில் அம்மை விளவங்கோட்டுப் பக்கத்துக்காரி. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். வீடியோ கேம் ஆடும்போது இரண்டும் கலந்த ஒரு பாஷை. அந்தப் பாஷையில் கத்திக்கொண்டு ஆடியது போன்ற ஆனந்தம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளில் வீடியோ கேம் பெட்டி எங்கள் பக்கம் வந்தது இரண்டு வழியில். ஒன்று, கல்ஃபிலிருந்து வரும் மாமாக்களின் பெட்டி. மற்றொன்று, மார்த்தாண்டத்திலும் திருவனந்தபுரம் சாலை பஜாரிலும் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைகள். ஜப்பானில் நிண்டெண்டோ 1983-இல் கொண்டுவந்த ஃபாமிகாம் பெட்டியைப் பார்த்து, பல நாடுகளில் பல பெயர்களில் நகல்கள் செய்தார்கள். நாங்கள் ஆடியதெல்லாம் அந்த நகல்தான். மேலே சொருகும் கேம் அட்டைக்கு 'கேசட்' என்று பெயர். '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சில கேம்கள்தான், அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. அந்தச் சிலவற்றில் மரியோவும் கான்ட்ராவும் இருந்தால் போதாதா! கேசட் வேலை செய்யவில்லை என்றால் அடியில் ஊதுவோம். ஊதுவதால் அல்ல, கழற்றி மறுபடி சொருகுவதால்தான் அது சரியாகிறது என்று பின்னால் படித்தேன். ஆனாலும் ஊதாமல் சொருக என் கைக்கு இன்றைக்கும் மனசு வராது.

மரியோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுக்க முழுக்க 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெரிது. அந்த 40-க்குள் 32 லெவல்கள், பாட்டு, காசு, கோட்டை, டிராகன் மாதிரி ஒரு பவுசர், எல்லாம் இருக்கிறது. இடம் போதாமல் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் என்ன செய்தார்கள் தெரியுமா? வானத்து மேகத்தையும் தரைப் புதரையும் ஒரே படமாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அடுத்த முறை பாருங்கள், அச்சு அசல் ஒன்றுதான். எங்கள் வீட்டு கெல்ட்ரான் கருப்பு வெள்ளை டி.வி.யில் நிறமும் தெரியாது, மேகமும் புதரும் அப்படியே இரட்டைப் பிள்ளைகள்.

ஆனால் அந்தக் கேமின் உயிர் குதியில் இருக்கிறது. 'ஏ' பட்டனைத் தொட்டுவிட்டால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. 'பி'யை அமுக்கி ஓடிவந்து குதித்தால் இன்னும் தூரம். அந்தரத்தில் இருக்கும்போதே பின்பக்கம் அழுத்தினால் ஆள் கொஞ்சம் பின்வாங்குவார். ஓடி வந்து சட்டென்று திரும்பினால் வழுக்கி நிற்பார். இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் லெவலின் முதல் நிமிஷமே வாத்தியார். எதிரே கூம்பா என்ற எதிரி ஒன்று நடந்து வரும், தலைக்கு மேலே கேள்விக்குறிப் பெட்டி மின்னும். பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும், குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வரும். எதிரி என்று பயந்து குதித்தாலும் மேலே இருக்கும் செங்கல் தலையில் தட்டும், காளான் வந்து உங்கள் மேல் ஏறும். ஆள் வளர்ந்துவிடுவார். ஓ, இது நல்லது! இப்படி ஒரு வார்த்தை எழுதாமல் பாடம் நடத்துவது எவ்வளவு பெரிய கலை! ஒவ்வொரு தடவை ஆடும்போதும் அந்தக் காளான் திரும்பி வரும் இடத்தில் நான் சிரித்துவிடுகிறேன்.

கான்ட்ரா வேறு ரகம். 1988-இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. மூன்றே உயிர், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போச்சு. 'எஸ்' எழுத்துப் போட்ட துப்பாக்கி கையில் கிடைத்தால் ஐந்து பக்கமும் குண்டு விரியும். அப்போது வரும் தைரியம் இருக்கிறதே, அடடா! கோனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட ரகசியம்தான் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கான்ட்ராவில் அதை அழுத்தினால் 3 உயிர் 30 ஆகும். உலகம் முழுக்க ஒரு தலைமுறைக்கே இது மனப்பாடம். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் இன்னொன்று. கூட ஆடுகிறவருக்கு உயிர் தீர்ந்துபோனால் அவர் உங்கள் உயிர் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி வந்துவிடலாம். "மாமா, ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" "எடு மக்கா, எடு." என் தாய்மாமன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தால் ரப்பர் வெட்டு முடிந்து, பால் ஊற்றிவைத்து, கட்டஞ்சாயா குடித்த கையோடு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். கடைசி ஸ்டேஜில் அவருக்கு இருக்கும் கடைசி உயிரைக்கூட எனக்குத்தான் விடுவார்.

வாத்து சுடும் டக் ஹண்ட் கேமின் துப்பாக்கி ஒரு தனி அதிசயம். அது எதையும் சுடுவதில்லை, பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டி.வி.யில்தான் இந்த வித்தை பலிக்கும், தட்டை டி.வி.யில் நடக்காது. யார் வீட்டிலாவது பழைய டி.வி. ஓடுகிற நிலையில் இருந்தால் தயவுசெய்து பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடம் போடாதீர்கள்.

அரை மணிக்கூர் கரண்ட் கட்டில் டெட்ரிஸ். பேட்டரி போட்ட பிரிக் கேம் ஒன்று எல்லார் வீட்டிலும் கிடந்தது. மாஸ்கோவில் 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் செய்த இந்தக் கேமில் ஏழே கட்டைகள், ஒவ்வொன்றிலும் நாலு சதுரம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு கடல். நிண்டெண்டோ பெட்டிக்கு 1989-இல் வந்த டெட்ரிஸை, 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-ஆம் லெவல் வரைக்கும் கொண்டுபோனான். கேம் அதற்குமேல் தாங்காமல் உறைந்து நின்றது. 34 வருஷம் கழித்து ஒரு கேமுக்கு முதல் தடவையாக மனுஷனிடம் தோல்வி! அந்த வீடியோவைப் பார்த்து நான் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு நோக்கியா 1100 வந்தது. டார்ச்சும் இருக்கும், பாம்பும் இருக்கும். இடி வெட்டும் துலாவர்ஷ மழைச் சாயங்காலங்களில் டி.வி. பிளக்கை உருவிவிட்டு வீட்டில் எல்லாரும் வரிசைபோட்டுப் பாம்பு ஆடியது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை.

கம்ப்யூட்டர் காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ரோட் ராஷில் பைக்கை ஓட்டிக்கொண்டே பக்கத்து வண்டிக்காரனை உதைத்ததும், வைஸ் சிட்டியில் ரேடியோ கேட்டுக்கொண்டு கார் ஓட்டியதும் சுகம்தான். ஆனால் ஒருவர் ஆட மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எனக்கு அதில் முழுத் திருப்தி வந்ததில்லை.

இப்போது எங்கள் ஊர் வாயனசாலை என்கிற நூலகத்தின் திண்ணைக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். அங்கேதான் ரேஞ்ச் கிடைக்கும். நாலு பையன்கள் நாலு போனோடு பிஜிஎம்ஐ. பப்ஜியாக இருந்து, 2020 செப்டம்பரில் தடை வந்து, 2021-இல் புதுப் பெயரில் திரும்பி, மறுபடி தடைபட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்த கேம். விமானத்திலிருந்து நூறு பேர் குதிக்கிறார்கள், கடைசியில் ஓர் அணி மிஞ்ச வேண்டும். அது பரபரப்புதான். எனக்கு மனசு நிறைவது வேறோர் இடத்தில். அணியில் ஒருவன் அடிபட்டு விழுந்து தவழ்கிறான். இன்னொருவன் குண்டு பாயும் வெளியில் ஓடிப்போய், பக்கத்தில் குனிந்து, சில நொடி அசையாமல் இருந்து அவனை எழுப்ப வேண்டும். "எனக்க பின்னால வா மக்கா, புகை போடுதேன்" என்று ஒரு குரல். அதைக் கேட்டதும் எனக்கு அருவி ஸ்டேஜ் ஞாபகம் வந்துவிட்டது. பழசு போய்ப் புதுசு வந்துவிட்டது என்று பேசுகிறவர்களை ஒரு நாள் அந்தத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டும்.

மரியோவும் எங்கும் போய்விடவில்லை. 2023-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரில் ஒரு பழத்தைத் தொட்டால் மரியோ யானை ஆகிவிடுகிறார்! தும்பிக்கையால் அடிக்கிறார், தண்ணீர் பீய்ச்சி வாடிய பூவை மலர வைக்கிறார். கோட்டூர் காப்புக்காடு யானை மையம் பக்கத்தில் இருக்கும் ஊரில் வளரும் என் மகள் அதைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். இதிலும் கூட ஆடுகிறவர் செத்தால் சில நொடிக்கு ஆவியாகப் பறப்பார், நீங்கள் தொட்டால் உயிர் பிழைப்பார். அவள் என்னைத் தொட்டுக் காப்பாற்றும்போது, "அப்பா, நிக்கணும், ஓடாதீங்க!" என்கிறாள்.

இட் டேக்ஸ் டூ என்ற கேமை ஒற்றை ஆளாக ஆடவே முடியாது. ஜோசஃப் ஃபாரெஸ் குழு 2021-இல் செய்தது, அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்ற விருதையும் வாங்கியது. பிரியப்போகும் புருஷனும் பெண்டாட்டியும் பொம்மைகளாக மாறிப்போகிறார்கள். ஒருவர் கையில் ஆணி, ஒருவர் கையில் சுத்தியல். அவர் ஆணியை எறிந்து குத்தினால்தான் இவர் அதில் தொங்கித் தாண்ட முடியும். நானும் என் மனைவியும் மழை பெய்யும் ராத்திரிகளில் ஆடி முடித்தோம். கல்யாணமான ஒவ்வொருவருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இத்தனைக்கும் மேலே நான் தூக்கி வைப்பது வெண்பா என்ற கேமை. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வெளியானது. 1988-இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, புருஷன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன வரியை யோசித்து, சரியான வரிசையில் சமைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. ரேடியோவில் பல காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதுப் பாட்டுகள், கடாயில் எண்ணெய் பொரியும் சத்தம். 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குத்தான். தமிழ்ச் சமையல்கட்டுக்கு லண்டனில் கிடைத்த விருது!

அந்தக் கேமில் புட்டு வந்தபோது நான் அம்மையைக் கூப்பிட்டேன். எந்தக் கேமையும் தொட்டிராத அம்மை. புட்டுக்குற்றியைத் திரையில் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல சில்லைப் போடு. சில்லு இல்லேண்ணா மாவு எல்லாம் குடத்தில போவும்." போட்டேன். "இனி தேங்காய்ப்பூ. பிறகு மாவு. அமுக்காத மக்கா, அமுக்குனா ஆவி ஏறாது." கேமில் மாவை நனைக்கும் பக்குவத்தை அவ்வளவு விளக்கவில்லை என்று அவளுக்குக் குறை. கையில் பிடித்தால் நிற்கணும், உதிர்த்தால் உதிரணும் என்று உள்ளங்கையை மூடித் திறந்து காட்டினாள். என் மகள் அதைப் பார்த்துத் தானும் கையை மூடித் திறந்தாள். ஜாய்ஸ்டிக் என் கையில் இருந்தாலும் ஆடியது அம்மைதான். கவின் வளர்ந்து தூரமாய்ப் போகும் இடத்தில் அம்மை ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் கல்ஃபிலும் கனடாவிலும்தானே இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் புட்டும் பயறும் பப்படமும்.

வெண்பாவை முழுக்க ஆடி முடிக்க ஒன்றரை மணிக்கூர் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு உண்டுவிட்டுத் தொடங்கினால் நாலு மணிச் சாயாவுக்குள் முடிந்துவிடும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடுங்கள்.