திட்டமும் முக்தியும்: கிறித்தவ வாழ்வின் நோக்கம் குறித்து அப்பாசாமி விட்டுச்சென்ற விடை

கடவுள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு திட்டம் வகுத்து வைத்திருக்கிறார் என்றும், அதைக் கண்டுகொண்டவருக்குப் படிப்பு, தொழில், திருமணம் ஆகிய எல்லாம் கைகூடும் என்றும் சொல்லும் போதனையே கிறித்தவ வாழ்வின் நோக்கம் பற்றிய முடிந்த விடையாக இன்று தமிழ்ச் சபைகளில் உலவுகிறது. அமெரிக்கப் போதகர் ரிக் வாரன் 2002இல் வெளியிட்ட ‘த பர்ப்பஸ் டிரிவன் லைஃப்’ இத்தகைய பேச்சுக்கு உலகளாவிய செல்வாக்கைத் தேடித்தந்தது. வாசகர் தம்மை மையமாக வைத்துக்கொள்ளலாகாது என்றே அந்நூல் தொடங்கினாலும், அதன் வழிவந்த எழுத்துகள் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டுத் திட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. இவற்றுக்கு ஆதாரமாக ஓயாமல் காட்டப்படும் எரேமியா 29ஆம் அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுதப்பட்ட கடிதமாகும். 70 ஆண்டுகள் காத்திருக்கச் சொன்ன அக்கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்புவதைக் காணாமலேயே இறந்திருப்பார்கள். அதைத் தனிமனித முன்னேற்றத்துக்கான உத்தரவாதமாக வாசிப்பது பிழை. இக்கேள்விக்குத் தமிழ்க் கிறித்தவம் கண்ட விடைகளில் இதுவே மிக மெலிந்தது என்பதும், செறிந்த விடை கோயம்புத்தூரில் பேராயராக இருந்த ஒருவரிடம் கிடக்கிறது என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

தொடக்க காலத்தை விரைந்து கடக்கலாம். கடவுளைப் புகழ்ந்து, வணங்கி, பணிசெய்வதற்கே மனிதர் படைக்கப்பட்டனர் என்பது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளின் அடித்தளம். 1606இல் மதுரைக்கு வந்து 1623இல் சேந்தமங்கலம், சேலம் வரை சென்ற ராபர்ட் தெ நொபிலி அந்தப் பயிற்சியில் உருவானவர். சீர்திருத்தச் சபையினரின் 1647ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடையும் கடவுளை மகிமைப்படுத்தி அவரில் மகிழ்ந்திருப்பதையே மனிதரின் தலையாய நோக்கமாகக் கூறிற்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியும், ஜான் பனியனைத் தழுவி 1894இல் வெளிவந்த கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் இதே விடையைக் காவியமாக்கின. இவற்றில் எங்கும் வாழ்வின் நோக்கம் ஒருவரின் பிழைப்போடு குழப்பப்படவில்லை.

கொங்கு நாட்டில் இக்கேள்வியை வாழ்ந்தே எதிர்கொண்டவர் மெல்கியோர் தெ மாரியோன் பிரெசிலாக். கோயம்புத்தூர் அப்போஸ்தலிக்க விகாரியத்தின், அதாவது மறைமாவட்டமாக வளர்வதற்கு முந்தைய ஆட்சிப்பகுதியின், முதல் தலைவராக இருந்த இப்பிரெஞ்சு ஆயர் இந்நாட்டவரிலிருந்தே குருக்கள் உருவாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை காட்டிய இணக்கம் அவருடைய மனச்சான்றை ஓயாமல் உறுத்தியதால் 1855 அளவில் பதவியைத் துறந்தார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தை நிறுவி, 1859 மே மாதம் ஃபிரீடவுனில் இறங்கியவர், ஆறு வாரங்களில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். திட்டமும் வெற்றியும் இணைபிரியாதவை என்போரின் கணக்கில் இவ்வாழ்வு தோல்வியாகவே பதியும். அந்தக் கணக்கே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கொங்கு வரலாற்றில் கிடைப்பது அரிது.

இலண்டன் மிஷன் சங்கம் 1830இல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கிய பின், கேள்வி தமிழ் மரபின் சொற்களிலேயே எழலாயிற்று. ஈரோட்டில் பணியாற்றிய எச். ஏ. பாப்லி திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1931இல் வெளியிட்டார். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப்பொருள்களில் முதல் மூன்றுக்கே வள்ளுவர் பால் வகுத்தார். நான்காவதான வீட்டை, அதாவது பிறவித் தளையிலிருந்து பெறும் விடுதலையை, கிறித்தவ நோக்கில் ஆராய்ந்த ஏ. ஜே. அப்பாசாமியின் ‘மோட்சம் என்பது என்ன?’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலும் அதே 1931இல் சென்னையிலிருந்து வெளிவந்தது.

அய்யாதுரை ஜேசுதாசன் அப்பாசாமி (1891–1975) பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை சைவத்திலிருந்து கிறித்தவரான வழக்கறிஞர். முதுமையில் யோகப் பயிற்சியைக் கிறித்தவத் தியானத்துக்கு வழியாக்கிக்கொண்டவர். மகன் ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று, யோவான் நற்செய்தியின் அனுபவ ஞானத்தை இந்திய பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு முனைவர் பட்டம் பெற்றார். கிறித்தவத் துறவி சாது சுந்தர்சிங்கைப் பற்றி ஆங்கிலேய இறையியலாளர் ஸ்ட்ரீட்டரோடு இணைந்து 1921இல் ஒரு நூல் எழுதினார். 1927இல் வந்த ‘கிறித்தவம் ஒரு பக்தி மார்க்கம்’ என்னும் பொருளுடைய நூலே அவருடைய சிந்தனையின் அச்சாணி. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயம் உருவானபோது அதன் முதல் பேராயராகி 1959 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவருடைய வாதம் எளிமையானது, ஆனால் ஆழமானது. வாழ்வின் முடிவான நோக்கம் மோட்சம். அம்மோட்சம் இறந்தபின் சென்றடையும் இடமும் அன்று, அத்வைதம் சொல்வதுபோல் ஆன்மா பிரம்மத்தில் கரைவதும் அன்று. அன்பாலும் மனவிருப்பத்தாலும் கடவுளோடு ஒன்றி, இப்பிறவியிலேயே தொடங்கும் உறவு. பிதாவும் குமாரனும் ஒன்றாயிருப்பதாக யோவான் கூறும் ஒருமையைக்கூட அவர் அன்பின் ஒருமையாகவே விளக்கினார். யோவான் 15ஆம் அதிகாரத்தின் திராட்சைக் கொடி உருவகம் அவருக்கு இவ்வுறவின் இலக்கணமாயிற்று. மாணிக்கவாசகரும் ஆழ்வார்களும் இவ்வேட்கையை முன்பே அறிந்திருந்தனர் என்பதை மறைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. இந்து சமய நூல்களிலிருந்து அவர் 1930இல் தொகுத்த ‘கோயில் மணிகள்’ என்னும் பொருள்படும் திரட்டே அதற்குச் சான்று.

இவ்வுறவு தனியறைக்குள் முடிந்துவிடவில்லை என்பதே அப்பாசாமியிடம் பலரும் காணத் தவறிய பகுதி. பிரமாணம் என்பது ஓர் அறிவை உண்மையென ஏற்பதற்குரிய அளவை. மறைநூல், பகுத்தறிவு, அனுபவம் ஆகியவற்றோடு சபையையும் ஒரு பிரமாணமாகச் சேர்த்தவர் அவர். உலகம் இறைவனின் உடல் என்ற இராமாநுசரின் கருத்தைத் தழுவி, உலகையும் திருவிருந்தையும் திருச்சபையையும் கடவுளின் உடலாகக் கண்டார். தன் நோக்கத்தைத் தானே கண்டுபிடிக்கும் தனிமனிதருக்கு இச்சிந்தனையில் இடமில்லை. அனுபவம் சபையின் முன் சோதிக்கப்பட வேண்டியதாகிறது.

மறுப்புகளும் எழுந்தன. 1938இல் ‘இந்தியாவில் கிறித்தவத்தை மீளச் சிந்தித்தல்’ என்னும் பொருள்படும் தொகுப்பை வெளியிட்ட குழுவின் பி. செஞ்சையா, கிறிஸ்துவில் தோன்றும் புதிய படைப்பையே இலக்காக வைத்தார். பக்தி போதாது என்பது அவர் கட்சி. 1980களில் எழுந்த தலித் இறையியலின் கேள்வி இன்னும் கூர்மையானது: கொங்கு நாட்டுச் சபைகளில் பெருந்தொகையினர் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களாக இருக்க, தேநீர்க் கடையில் தனிக்குவளை நீட்டப்பட்டவருக்கு ஆழ்வார் பாசுரத்தின் வழியே சொல்லப்படும் மோட்சம் என்ன தரும்? இக்கேள்வி நியாயமானது, அப்பாசாமியின் நூல்களில் இதற்கு நேரடியான விடை கிடையாது.

எனினும் விடைக்கான இடம் அப்பாசாமியிடமே இருக்கிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சேர்ந்த பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ஒரே உலையில் பொங்கிய சோற்றை எல்லாரும் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்து, அதை நாட்டுப்புற இசையில் பாடினார். ஒரே உலையைப் பற்றிய அந்தச் சிந்தனையும், திருவிருந்தைக் கடவுளின் உடலாகக் கண்ட பேராயரின் சிந்தனையும் ஒரே பந்தியைத்தான் சுட்டுகின்றன. முதலாவது இல்லாத இரண்டாவது மேட்டுக்குடித் தியானமாகச் சுருங்கிவிடும். இரண்டாவது இல்லாத முதலாவதில் கடவுளுக்கான ஏக்கம் மங்கிவிடும். தமிழ்க் கிறித்தவச் சிந்தனை செல்ல வேண்டிய திசை இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முதற்பணி, முதன்மையாக ஆங்கிலத்தில் எழுதிய அப்பாசாமியை, பரட்டையின் பாடல்களுக்கு அருகில் வைத்து, கோயம்புத்தூர், ஈரோட்டுச் சபைகளின் வேதபாட வகுப்புகளில் தமிழில் வாசிக்கச் செய்வதாகும். மோட்சம் பற்றிய நூலையும் திருவிருந்து பற்றிய அவருடைய பகுதிகளையும் அவ்வகுப்புகள் முதலில் எடுத்துக்கொள்ளலாம்.